டிசியில் எழுதாத காரணம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் போடு. உன்னை எனக்குத் தெரியும், எழுத்து பளிச்சென்று தெரிய ஆரம்பித்ததும் மருந்தை மறந்துவிடுவாய். அண்ணாச்சி காலை நடையை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தாய். கோயம்புத்தூர்க் குளிர்தான் காரணம் என்று சொன்னால் நம்பாதே. இங்கே இருந்தபோது வெயிலைச் சாக்குச் சொன்னவர்தானே!

இங்கே எல்லோரும் சுகம். நம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த ஸ்டேஷனரிக் கடையை எடுத்துவிட்டார்கள், இப்போது மொபைல் கடை. கலர் சாக்பீஸ் வாங்கிக் கணக்கு எழுதி வைத்த இடத்தில் செல்போன் உறை தொங்குகிறது. மாற்றம் வேண்டாம் என்று சொல்ல நான் யார், நானும் அங்கேதான் போய் ரீசார்ஜ் பண்ணிக்கொள்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேரன் 'தி குளோரி' என்ற கொரியத் தொடரைப் பார்க்கும்போது பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பதறிப்போய் எழுதியிருக்கிறாய். "பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருத்தியைச் சூடு வைக்கிறதையெல்லாமா நாடகமாக எடுப்பார்கள், இதையெல்லாம் பார்க்கிற பிள்ளை உருப்படுமா" என்று கேட்டிருக்கிறாய். ஏட்டி, நான் அந்தத் தொடரை பேத்தியோடு உட்கார்ந்து 16 எபிசோடும் பார்த்தவள். அவள் சப்டைட்டிலைப் படித்துப் படித்துச் சொன்னாள், நான் நடுவில் நிறுத்தச் சொல்லித் தண்ணீர் குடித்துக் குடித்துப் பார்த்தேன்.

முதல் பாதி 2022 டிசம்பர் கடைசியிலும் மீதி 2023 மார்ச் 10ஆம் தேதியும் வந்தன. எழுதியவர் கிம் உன்-சூக். காதல் கதைக்குப் பேர்போன அம்மா அவர். 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் த சன்' பார்த்து உன் மருமகள் உருகினாளே, அதை எழுதியவரும் அவர்தான், நடித்ததும் 'தி குளோரி'யின் நாயகி சொங் ஹே-க்யோதான். இப்படிப்பட்டவர் ஏன் இந்தக் கதைக்கு வந்தார் என்பதற்கு அவரே ஒரு காரணம் சொன்னார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் ஒருநாள் கேட்டாளாம்: நான் யாரையாவது அடித்துக் கொன்றுவிட்டு வந்தால் உனக்கு அதிகம் வலிக்குமா, நான் அடிபட்டுச் செத்தால் அதிகம் வலிக்குமா என்று. எந்தத் தாயும் பதில் சொல்லத் திணறும் கேள்வி.

நீ பார்த்தது அந்த முடி சுருட்டும் இரும்புக் காட்சியாகத்தான் இருக்கும். சூடு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே ஒரு பெண்ணின் கையில் வைப்பார்கள். இது கற்பனையில் மட்டும் உதித்தது என்று நினைக்காதே. 2006இல் சொங்ஜு என்ற ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவியைக் கூடப் படித்தவர்களே இதே இரும்பால் பல நாள் சுட்டிருக்கிறார்கள். தொடர் வந்ததும் கொரியாவில் ஜனங்கள் அந்தப் பழைய செய்தியைத் தேடியெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இதைவிட மோசமாக நிஜத்தில் நடந்திருக்கிறது என்பதுதான் அப்போது எங்கும் பேச்சு.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது அந்த இரும்பு இல்லை மல்லிகா. அதற்குப் பிறகு வருகிற ஸ்டாஃப் ரூம் காட்சிதான். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன்.

தோங்-உன் என்ற அந்தப் பெண் இனி தாங்காது என்று படிப்பை நிறுத்தப் படிவம் கொடுக்கிறாள். காரணம் எழுதும் இடத்தில் தன்னை வதைத்தவர்களின் பெயரை எழுதிவிடுகிறாள். வகுப்பாசிரியர் அதைப் படிக்கிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவளை அறைய ஆரம்பிக்கிறார், மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கும்போதே. யாரும் எழுந்து வரவில்லை. அப்புறம் பணக்கார வீட்டிலிருந்து அவள் அம்மாவுக்குப் பணம் போகிறது. அம்மா வந்து கையெழுத்துப் போடுகிறாள். காரணம், பள்ளிச் சூழலுக்கு அவளால் ஒத்துப்போக முடியவில்லை என்று ஆகிவிடுகிறது. தப்பு அவள்மேல் வந்துவிட்டது. விஷயம் முடிந்தது, பதிவேடும் சுத்தம்.

நீயும் நானும் எத்தனை டிசி எழுதியிருப்போம்! இப்போது எமிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவில் தட்டினால் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதியது உனக்கு நினைவிருக்கும். நடத்தை என்ற இடத்தில் 'நன்று'. எல்லாப் பிள்ளைக்கும் அதே 'நன்று'தான். நடு வருஷத்தில் ஒரு பையன் போகிறான் என்றால் 'பெற்றோர் விருப்பம்'. அப்பாவுக்கு வேலை மாற்றம் என்றாலும் அதுதான், பின் பெஞ்சில் நாலு பேர் தினமும் சாப்பாட்டு டப்பாவில் மண் போட்டார்கள் என்றாலும் அதுதான். ஒரு தடவை நம் ஸ்டாஃப் ரூமில் மூத்த சார் ஒருவர், "நிஜக் காரணம் எழுதினால் பிள்ளைக்கு அடுத்த ஸ்கூலில் இடம் கிடைக்காது டீச்சர்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அவர் கெட்ட மனுஷர் இல்லை. சொன்னதும் பொய் இல்லை. அதுதான் பிரச்சினையே.

இப்போது பார்வையாளர்களைப் பார். உலகம் முழுக்க அத்தனை பேர் பார்த்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான்: யோன்-ஜின், அந்த வில்லி. லிம் ஜி-யோன் பிரமாதமாக நடித்தாள், இல்லை என்று சொல்லவில்லை. அந்த வருஷம் கொரியாவின் பெக்சாங் விருதில் சிறந்த துணை நடிகை அவள்தான், சிறந்த நடிகை சொங் ஹே-க்யோ, சிறந்த தொடர் இதுவே. ஆனால் ஜனங்கள் யோன்-ஜினை வெறுத்ததோடு நிற்கவில்லை. 'யோன்-ஜினா' என்று அவளைக் கூப்பிடுவது ஊரெல்லாம் கேலி வசனமாகிவிட்டது. யாராவது ஏதாவது சாதித்தால், பிரமாதம் யோன்-ஜினா என்று கைதட்டுவது. அவள் போட்ட உடை என்ன பிராண்டு என்று தேடுவது. என் பேத்தியும் செய்தாள். நான் முறைத்ததும், "ஆச்சி, சும்மா ஜாலிக்கு" என்றாள். எந்தப் பள்ளியிலும் இதே பதில்தான் வரும், கவனித்திருப்பாய்.

இன்னொன்று. என் தங்கை மருமகள் முதல் எபிசோடைப் பார்க்கவே இல்லை. "பார்க்க முடியல பெரியம்மா, பழிவாங்குறதிலிருந்து ஆரம்பிச்சேன்" என்றாள். நிறையப் பேர் இப்படித்தான் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. வலியைத் தள்ளி ஓட்டிவிட்டுத் தண்டனையை மட்டும் பார்ப்பது. பார்க்க முடியாமல் போவது மனசு இளகியதால்தான், தெரிகிறது. ஆனால் அந்த ஸ்டாஃப் ரூமும் அந்தக் கையெழுத்தும் அதே முதல் எபிசோடில்தான் இருக்கின்றன. அதைத் தாண்டிவிட்டால் இது நல்ல பெண்ணுக்கும் கெட்ட பெண்ணுக்கும் நடக்கிற சண்டையாகச் சுருங்கிவிடுகிறது.

கதையில் கியோங்-ரன் என்று ஒருத்தி வருவாள். தோங்-உன் போனபிறகு அந்தக் கும்பலுக்கு அடுத்து மாட்டியவள். பெரியவளான பிறகும் தன்னைக் கொடுமைப்படுத்தியவர்களில் ஒருவனுடைய துணிக்கடையிலேயே வேலை பார்க்கிறாள். அவர்கள் வந்தால் குனிந்து கும்பிடுகிறாள். பதினெட்டு வருஷம் திட்டம் போட்டு, எதிரியின் குழந்தைக்கே வகுப்பாசிரியையாகப் போய் நிற்கிற தோங்-உன்னைப் போல நிஜத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? கியோங்-ரன் மாதிரிதான் நிறையப் பேர். அவளைப் பற்றிப் பேத்தியின் தோழிகள் ஒருத்திகூடப் பேசவில்லை. கேட்டதற்கு, "யாரு அது?" என்றார்கள்.

பழிவாங்கும் ருசி திரைக்கு வெளியேயும் பரவியது. இரண்டாம் பாதி வெளியான அதே சமயத்தில் இயக்குநர் ஆன் கில்-ஹோ மீதே புகார் வந்தது. 1996இல் பிலிப்பைன்ஸில் படித்தபோது, இளைய மாணவர்களைக் கூட்டமாக அடித்தார் என்று. முதலில் மறுத்தார். இரண்டு நாளில் வக்கீல் மூலமாக மன்னிப்புக் கேட்டார். பள்ளி வன்முறையைப் பற்றித் தொடர் எடுத்தவரே இப்படி என்றால் என்ன சொல்ல! தாய்லாந்தில் இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குத் தங்கள் பள்ளி அனுபவத்தை எழுத ஆரம்பித்தார்கள். அங்கே பிரபலமான இளம் நடிகர் ஒருவர், ஆட்டிசம் உள்ள வகுப்புத் தோழனைத் துன்புறுத்தியதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கொரியாவில் இது புதிதும் இல்லை. 2021 பிப்ரவரியிலேயே தேசிய அணியில் ஆடிய இரட்டைச் சகோதரிகள், வாலிபால் ஆட்டக்காரிகள், பள்ளி நாளில் சக வீராங்கனைகளைக் கொடுமைப்படுத்திய விஷயம் வெளியே வந்து அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இதில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது. வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் பேசினார்களே என்ற சந்தோஷம். ஆனால் அடுத்தது யார் என்று கூட்டம் காத்திருப்பதைப் பார்த்தால் பிடிக்கவில்லை. பிரபலம் என்றால் பிடிபடுவான். மளிகைக்கடை வைத்திருக்கிற யோன்-ஜினை யார் தேடப் போகிறார்கள்?

கோபம் சரியான இடத்துக்குப் போனது என்று நான் நினைப்பது வேறொரு விவகாரத்தில். 2023 பிப்ரவரி 24ஆம் தேதி ஜொங் சுன்-சின் என்ற முன்னாள் அரசு வழக்கறிஞரைக் கொரியக் காவல்துறையின் தேசியப் புலனாய்வு அலுவலகத்துக்குத் தலைவராக நியமித்தார்கள். மறுநாளே அவர் விலக வேண்டியதாயிற்று. அவர் மகன் ஒரு பெரிய உறைவிடப் பள்ளியில் படித்தபோது அறைத்தோழனைச் சொல்லாலேயே வதைத்திருக்கிறான். வேறு பள்ளிக்கு மாற்ற உத்தரவு வந்தது. அப்பா சும்மா இருப்பாரா, சட்டம் தெரிந்தவர் ஆயிற்றே. உச்ச நீதிமன்றம்வரை வழக்கை இழுத்தார். தோற்றார். ஆனாலும் பையன் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான். பள்ளிப் பதிவில் இருந்த குற்றத்துக்காக அவர்கள் கழித்தது 2 மதிப்பெண். பாதிக்கப்பட்ட பையனோ உயிரை விடப் போயிருக்கிறான்.

தொடரின் இரண்டாம் பாதி வர இரண்டு வாரம் இருக்கும்போது இது வெடித்தது. 'நிஜ குளோரி' என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கொதிப்பில் ஏப்ரல் மாதம் அரசாங்கம் விதியை மாற்றியது. கடுமையான வன்முறைக்குத் தண்டனை பெற்ற பதிவு, படிப்பு முடிந்து 2 வருஷம் என்றிருந்தது 4 வருஷம்வரை இருக்கும். 2026 சேர்க்கையிலிருந்து எல்லாப் பல்கலைக்கழகமும் அதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். சில இடங்களில் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். கியொங்புக் தேசியப் பல்கலைக்கழகம் 2025 சேர்க்கையில் இந்தக் காரணத்துக்காக 22 பேரைத் திருப்பி அனுப்பியது.

பார்த்தாயா, கடைசியில் ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் வந்து நின்றது. எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. ஆனால் முழுசாக மெச்சவும் முடியவில்லை. பதிவு வந்தால் காலேஜ் போச்சு என்றதும் பணம் உள்ளவர்கள் வக்கீல் வைக்கிறார்கள். பள்ளி வன்முறை வழக்குக்கென்றே அங்கே தனி வக்கீல்கள் இருக்கிறார்கள். அடித்தவன் வீட்டிலிருந்து அடிபட்டவன் மேலேயே எதிர்ப் புகார் போடுவதும் நடக்கிறது. அந்த அம்மாவின் கையெழுத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இப்போது வக்கீலுக்குக் கொடுக்கிறார்கள்.

நீ 'அடோலசன்ஸ்' பற்றியும் கேட்டிருந்தாய். 2025 மார்ச்சில் வந்தது, இங்கிலாந்துக் கதை. நாலே எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது. 13 வயதுப் பையன், கூடப் படிக்கிற பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான் என்று போலீஸ் விடியற்காலையில் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. பழிவாங்கல் கிடையாது, வில்லன் என்று கைகாட்ட ஆள் கிடையாது. கடைசி எபிசோடில் அப்பனும் ஆத்தாளும் நாம் என்ன செய்யாமல் விட்டோம் என்று பேசிக்கொள்வதுதான். இரண்டாவது எபிசோடு முழுக்கப் பள்ளிக்கூடம். கத்திக் கத்தி ஓய்ந்துபோன ஆசிரியர்கள். விசாரிக்க வந்த அதிகாரிக்குப் போனில் இருக்கிற பொம்மைக் குறிகளுக்கு அர்த்தமே தெரியாது. அதே பள்ளியில் படிக்கிற அவர் மகன், அப்பா அவமானப்படுகிறாரே என்று தனியாகக் கூப்பிட்டு விளக்குவான். அந்தப் பையன் தானும் அங்கே அடிவாங்குகிறவன்தான் என்பது ஓரமாகத் தெரியும், அப்பாவுக்குத்தான் தெரியாது.

அங்கே பார்வையாளர்கள் நடந்துகொண்டதும் வேறு மாதிரி. பிரதமர் ஸ்டார்மர் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார், எழுதியவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார், மேல்நிலைப் பள்ளிகளில் இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். அதையும் சிலர் கிண்டல் பண்ணினார்கள், நாடகத்தை வைத்தா நாட்டை நடத்துவது என்று. எனக்கும் சந்தேகம்தான். வகுப்பில் போட்டுக் காட்டிவிட்டு மணி அடித்ததும் கணக்குப் பாடம் நடத்தினால் என்ன ஆகும்? எந்தத் தொடராக இருந்தாலும், பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் அவரவர்க்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள்.

உன் பயம் வீண் என்று சொல்லவில்லை. 2017இல் வந்த 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை' தொடரில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியை அப்படியே காட்டினார்கள். மருத்துவர்கள் எதிர்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸே அந்தக் காட்சியை வெட்டியது. ஆக, காட்டுகிற விதத்தில் ஆபத்து இருக்கிறது. ஆனால் வன்முறையைப் பிள்ளைகள் டிவியில்தான் கற்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாம் முப்பது வருஷம் எங்கே நின்றோம் மல்லிகா? எந்த நாடகத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் கையில் சாதிக்கொரு கலர் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள்?

நாங்குநேரியை மறந்திருக்க மாட்டாய். நாகர்கோவில் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற ஊர். 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு தேடிப் போய் அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும். அந்தப் பையன் பள்ளிக்கு வராமல் இருந்து, ஏன் என்று விசாரித்தபோது வாய் திறந்து சொன்னான். சொன்னதற்குத்தான் அந்த வெட்டு. தோங்-உன்னும் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனாள், நண்பர்களுக்குள் நடந்தது என்று பெரியவர்கள் மூடி அனுப்பினார்கள், அதற்குப் பிறகுதான் இரும்பு வந்தது. சொல் சொல் என்று பிள்ளைகளிடம் நாம் கெஞ்சுகிறோம். சொன்ன அன்றைக்கு ராத்திரி அவர்களுக்கு யார் காவல்? பள்ளிகளில் சாதிப் பிரச்சினையை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் சொன்னது. கயிற்றைக் கழற்றச் சொன்னால் வந்து சண்டை போடுகிற பெற்றோரை நீயும் பார்த்தவள்தானே.

நம் தமிழ்த் தொடர்களில் மாமியார், மருமகள், விஷம், விபத்து எல்லாம் உண்டு. ஒரு வகுப்பறையின் பின் பெஞ்சு உண்டா, சொல்லு? சினிமாவிலும் பெரும்பாலும் சீண்டல் காமெடியாகத்தான் வரும். சாதி தெரியாமல் அந்தக் கதையை இங்கே எடுக்க முடியாது. சாதியோடு எடுத்தால் யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

சரி, பேரன் விஷயம். 'தி குளோரி'யை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லு. கொரியாவிலேயே அது பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்று பெற்ற தொடர், பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் போனைப் பிடுங்காதே, பிடுங்கினால் வேறு எவன் வீட்டிலாவது போய்ப் பார்ப்பான். 'அடோலசன்ஸ்' வேண்டுமானால் நீயும் உன் மகனும் கூட உட்கார்ந்து பாருங்கள். அந்தப் போன் குறிகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவனையே கேள், உனக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவனுக்குப் பெருமையாக இருக்கும். அப்புறம் சமயம் பார்த்து ஒன்று கேள்: உன் வகுப்பில் யாராவது நடு வருஷத்தில் டிசி வாங்கிக்கொண்டு போனார்களா, ஏன் போனார்கள் என்று உங்களுக்குள் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று. டீச்சர் குரலில் கேட்காதே. என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

ஜெயா மகள் கல்யாணம் தை மாதம் வைத்திருக்கிறார்கள், பத்திரிகை உனக்கும் வரும். பொங்கல் கூட்டத்தில் ரயில் டிக்கெட் கிடைக்காது, இப்போதே போட்டுவிடு. வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வராதே, அந்த மைசூர்பாகு மட்டும் போதும்.

அன்புடன்,
வசந்தா